விபத்துக் காயமும் சதவீதக் கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் ஓட்டுநர், வியாபாரி, கூலி வேலைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் அவசியம் படியுங்கள்.

ரமணாசிரமம் பக்கம் குடியிருக்கிற எங்களுக்குப் பௌர்ணமி இரவில் இரண்டு சத்தம் பழகிப்போய்விட்டது. ஒன்று கிரிவலம் வருகிறவர்களின் 'அரோகரா'. இன்னொன்று 108 வண்டியின் சைரன். செங்கம் சாலையில் பேருந்து, வேன், ஆட்டோ, இருசக்கர வண்டி, நடுவே வெறுங்காலோடு நடக்கும் ஜனம். பதினான்கு கிலோமீட்டர் சுற்றுப் பாதையில் எங்கேயாவது ஒருவர் அடிபடத்தான் செய்கிறார்.

விபத்தில் இறந்துபோனவரைப் பற்றி ஊர் பேசுகிறது, செய்தித்தாள் எழுதுகிறது. பிழைத்து வந்தவரைப் பற்றி ஒரு வாரத்துக்கு மேல் யாரும் பேசுவதில்லை. ஆனால் இழப்பீட்டு வழக்கில் அதிகம் திண்டாடுவது பல நேரங்களில் இந்தப் பிழைத்து வந்தவர்தான். மரணத்தை நிரூபிக்க ஒரு சான்றிதழ் போதும். காயம் பெரியது என்பதை நிரூபிக்க, ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கி நீதிமன்றக் கூண்டு வரைக்கும் ஒவ்வொரு படியிலும் ஆதாரம் காட்ட வேண்டியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஊனச் சதவீதத்தையே நாம் எல்லோரும் காயத்தின் கடைசி அளவு என்று எடுத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் காயத்தோடு அந்த மனிதரால் அவருடைய வேலையைச் செய்ய முடியுமா என்பதைத்தான் சட்டம் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்யாமல் போவதால்தான் ஏழைகள் நஷ்டப்படுகிறார்கள்.

எங்கள் பகுதியில் பூ விற்கும் ஓர் அம்மா இருக்கிறார். வயது 42. அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள். விடியற்காலையில் பூ வாங்கப் போகும்போது ஒரு வேன் மோதி, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, விரிசல் மூட்டு வரைக்கும் போய்விட்டது. அறுவை செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. நடக்கிறார். ஆனால் முழங்கால் பாதிக்கு மேல் மடங்குவதில்லை. இடது காலுக்கு 40 சதவீதம், உடம்பு முழுவதற்கும் வைத்துப் பார்த்தால் 20 சதவீதம் என்று கணக்கு வந்தது.

வழக்கில் எதிர்த் தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி. "நீங்கள் நடந்துதானே கோர்ட்டுக்கு வந்தீர்கள்?" இவர் "ஆமாங்க" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என்னிடம் வந்து, "20 பெர்சென்ட்டுக்குக் கணக்குப் போட்டு சமாதானமா முடிச்சுக்கலாம்னு சொல்றாங்க சார், கையெழுத்துப் போட்டுடட்டுமா?" என்றார். "இப்போ வியாபாரம் எப்படிம்மா போகுது?" என்று கேட்டேன். "எங்க சார் வியாபாரம்? தரையில சம்மணம் போட்டு உக்காந்தாதான் மடியில பூவை வெச்சுக் கட்ட முடியும். எனக்குக் கீழ உக்காரவே வரல. உக்காந்தா எழுந்திரிக்க ஆள் வேணும். நாற்காலி போட்டா பிளாட்பாரத்துல எடம் யாரு குடுப்பா?" என்றார்.

வழக்குக்கு வேண்டியது இந்தப் பதில்தான். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நடக்க முடிகிறதா என்பது அவருடைய பிழைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. உட்கார முடிகிறதா என்பதுதான் கேள்வி. வழக்கு இன்னும் நடப்பதால் இதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை. கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் வக்கீல் இல்லை. ஆசிரியப் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியன். படித்துத் தெரிந்துகொண்டதை வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன்.

'பலத்த காயம்' என்பதற்கு இரண்டு இடத்தில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, காவல் நிலையத்து அர்த்தம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 320, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 116. கொடுங்காயம் எட்டு வகை. ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவது, ஒரு காதின் கேள்வி போவது, கை கால் அல்லது மூட்டை இழப்பது, முகம் நிரந்தரமாக விகாரப்படுவது, எலும்போ பல்லோ உடைவது அல்லது இடம் பெயர்வது என்று பட்டியல் போகிறது. எட்டாவதாக, உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது 15 நாள் கடும் வலியோடு இருக்கவோ அன்றாட வேலை செய்ய முடியாமல் கிடக்கவோ வைத்த காயம். பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. இந்தப் பட்டியல்படி ஒரு பல் உடைந்தாலும் கொடுங்காயம்தான். வண்டி ஓட்டியவர் மீது எந்தப் பிரிவில் வழக்கு என்பதை முடிவு செய்ய இது உதவும்.

இரண்டாவது, இழப்பீட்டுத் தீர்ப்பாயத்து அர்த்தம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 166-இல் மனு போடுகிறோமே, அங்கே உள்ளது. அங்கே எலும்பு உடைந்ததா என்பதோடு கேள்வி முடிவதில்லை. உடைந்ததால் இந்த மனிதர் எதை இழந்தார் என்று பார்க்கிறார்கள். ஆசிரமத்துக்கு வருகிறவர்களை 'நான் யார்?' என்று தங்களையே கேட்டுக்கொள்ளச் சொன்னார் பகவான். தீர்ப்பாயம் கேட்பது அதைவிடச் சின்னக் கேள்வி: 'விபத்துக்கு முதல் நாள் வரை நீ என்ன வேலை செய்துகொண்டிருந்தாய்?'

இதைத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார், உச்ச நீதிமன்றம், 2010 அக்டோபர். நீதிபதிகள் ஆர்.வி. ரவீந்திரனும் எச்.எல். கோகலேயும். இன்று வரை காய வழக்கு என்றால் வக்கீல்கள் முதலில் எடுப்பது இதைத்தான். அதில் ஓர் உதாரணம் வருகிறது. ஒருவருக்கு இடது கை போய்விட்டது, ஊனம் சுமார் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட நூறு சதவீதம் போய்விட்டது. அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம். ஒரே கை, ஒரே சதவீதம், ஆனால் இழப்பு வேறு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவரின் ஒரு விரலும், ஓய்வூதியம் வாங்கும் என் விரலும் ஒரே விலை இல்லை.

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது. ஒரு காலுக்கு 45 சதவீதம் என்றால் உடம்புக்கே 45 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கைக்கு 60, காலுக்கு 80, மொத்தம் 140 என்று கூட்டவும் முடியாது. ஆகவே இந்தத் தீர்ப்பு காயம்பட்டவருக்கு மட்டும் சாதகமானது இல்லை. சதவீதத்தை ஊதிப் பெரிதாக்கினாலும் குறைக்கச் சொல்கிறது. சிகிச்சையே பார்க்காமல் கேட்டவருக்கெல்லாம் சான்றிதழ் எழுதித் தரும் டாக்டர்களைப் பற்றியும் எச்சரிக்கிறது. சிகிச்சை பார்த்த டாக்டர் சாட்சிக்கு வர வேண்டும் என்கிறது. டாக்டர்களின் நேரம் வீணாகாமல், குறித்த நேரத்துக்கு அழைக்கலாம், அல்லது ஆணையர் மூலம் அவர் இடத்திலேயே விசாரிக்கலாம் என்றும் வழி காட்டுகிறது. "டாக்டர் கோர்ட்டுக்கு வரமாட்டார்" என்று கைவிரிக்கும் வக்கீலிடம் இதை நினைவுபடுத்துங்கள்.

அடுத்து, 2014 ஜனவரியில் சையது சாதிக் வழக்கு. கர்நாடகத்தைச் சேர்ந்த காய்கறி வியாபாரி, 24 வயது, வலது கால் போய்விட்டது. காய்கறி விற்க நடமாட்டம் தேவையில்லையே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 85 சதவீத இழப்பு என்று வைத்தது. வருமானத்துக்குக் காகிதம் இல்லையே என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. சொந்தமாகச் சிறு வியாபாரம் செய்கிறவரிடம் சம்பளச் சீட்டு எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டது. 2018-இல் ஜெகதீஷ் வழக்கு. தச்சர், இரண்டு கைகளும் செயலிழந்துவிட்டன. சான்றிதழில் 90 சதவீதம். தச்சருக்குக் கை இல்லையென்றால் மிச்சம் பத்து சதவீதம் எங்கே என்று நூறாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பணக் கணக்கில் இது எவ்வளவு வித்தியாசம் செய்யும்? கரும்பலகையில் போடுவது போலப் போடுகிறேன். மாத வருமானம் 10,000 ரூபாய், வயது 42, சுயதொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017-இல் வந்த பிரணாய் சேத்தி தீர்ப்புப்படி 40 முதல் 50 வயது வரை உள்ள சுயதொழில்காரருக்கு எதிர்கால வருமான உயர்வாக 25 சதவீதம் சேர்க்க வேண்டும். ஆக 12,500. வருடத்துக்கு 1,50,000. 2009-இல் வந்த சரளா வர்மா தீர்ப்பில் உள்ள அட்டவணைப்படி 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கும் எண் 14. மொத்தம் 21,00,000. இதில் இழப்பு 20 சதவீதம் என்றால் 4,20,000 ரூபாய். 50 சதவீதம் என்றால் 10,50,000 ரூபாய்.

அதே முழங்கால்தான். ஆறு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் வித்தியாசம். 'தரையில் உட்கார முடியாது' என்ற ஒரு வாக்கியம் பதிவானதா, அதற்கு ஆதாரம் வந்ததா என்பதைப் பொறுத்துத்தான் அந்த வித்தியாசம். இதற்கு மேல் மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், வலி வேதனை, பிறகு வரப்போகும் சிகிச்சைச் செலவு எல்லாம் தனித்தனித் தலைப்பில் கேட்கலாம்.

பலர் இன்னொரு இடத்திலும் ஏமாறுகிறார்கள். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். அந்த 40, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் சலுகைகளுக்கான எல்லை. இழப்பீட்டு வழக்குக்கு அப்படி எல்லை கிடையாது.

சரி, ஆதாரம் எங்கே தொலைகிறது? நான் பார்த்த வரைக்கும் ஐந்து இடங்களில்.

1. ஆஸ்பத்திரி வாசல். அவசரச் சிகிச்சைப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் எழுதும் முதல் வரி மிக முக்கியம். கூட வந்தவர் பதற்றத்தில் "வண்டியில இருந்து விழுந்துட்டாருங்க" என்பார். அப்படியே எழுதிவிடுவார்கள். மோதிய வேன் அந்த வரியில் காணாமல் போய்விடும். பிறகு முதல் தகவல் அறிக்கையில் வேன் வரும்போது, "இது பிறகு சேர்த்த கதை" என்பார்கள். எது மோதியது, எங்கே, எத்தனை மணிக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள். பணம் இல்லையே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்கிறது.

2. புத்தூர் கட்டு. நம் பக்கத்து ஜனங்களுக்கு எலும்பு என்றாலே புத்தூர்தான். அந்த வைத்தியத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே போனால் எக்ஸ்ரே, சிகிச்சைக் குறிப்பு, ரசீது எதுவும் கையில் இருக்காது. ஆறு மாதம் கழித்து 'இடையில் சிகிச்சையே எடுக்கவில்லை, ஆகவே காயம் சின்னது' என்று வாதம் வரும். எங்கே கட்டுப் போட்டாலும் மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். பிசியோதெரபிக்குப் போன நாட்களைக் குறித்து வையுங்கள்.

3. வருமானம். "கூலிதான் சார், காகிதம் ஏது?" என்பார்கள். இருக்கிறது. தெருவோர வியாபாரி அடையாள அட்டை, மகளிர் குழுப் பாஸ்புத்தகம், நல வாரிய அட்டை, ஆட்டோ ஓட்டுநர் உரிமம், மொத்தக் கடைக்காரரின் பற்றுவரவு நோட்டு, செல்போனில் பணம் வந்த கணக்கு எல்லாமே ஆதாரம்தான். பக்கத்துக் கடைக்காரர் சாட்சியும் ஆதாரம்தான். விபத்து வழக்கில் கொலை வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

4. காலம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அது எப்படி முடிந்தாலும் நாம் தாமதம் செய்யக் கூடாது. கிரிவலம் வந்து அடிபட்ட வெளியூர்க்காரர்கள் இதற்காகத் திருவண்ணாமலைக்கு அலைய வேண்டாம். தாங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

5. அவசரக் கையெழுத்து. பிரிவு 164-இல், யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டப்படி அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு செல்லாமல் போய்விடும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டாலும் அதற்கு மேல்முறையீடு கிடையாது. சின்னக் காயத்துக்கு இவை வசதி. சிகிச்சை முடியாத காயத்துக்கு, அடுத்த அறுவைக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் பிரிவு 161-இல் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை.

தலையில் அடிபட்ட பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். தையல் பிரித்துவிட்டால் வீட்டில் சரியாகிவிட்டது என்பார்கள். வகுப்பில் நமக்குத்தான் தெரியும். ஒப்பித்த வாய்ப்பாடு மறந்துபோகும். இரண்டு பாடவேளைக்கு மேல் உட்கார மாட்டான். சாதுவாக இருந்தவன் எரிந்து விழுவான். எக்ஸ்ரேயில் வராத காயம் இது. அதற்கு ஆதாரம் நம் கையில் இருக்கிறது: வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, விபத்துக்கு முந்தைய நோட்டும் பிந்தைய நோட்டும். பெற்றோர் கேட்டால் எழுதிக் கொடுக்கத் தயங்காதீர்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போங்கள்.

பிள்ளைகளுக்கு வருமானம் இல்லை, அதனால் இழப்பு இல்லை என்று சட்டம் விட்டுவிடவில்லை. 2013-இல் மாஸ்டர் மல்லிகார்ஜுன் வழக்கில், மருத்துவச் செலவு போக, ஊன அளவுக்கு ஏற்ப ஒரு லட்சம் முதல் ஆறு லட்சம் வரை ஒரு வரிசையை உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2020-இல் காஜல் வழக்கில் அதைத் தாண்டியும் போனது. விபத்தின்போது அந்தச் சிறுமிக்கு வயது பன்னிரண்டு. மூளை பாதிப்பால் கைக்குழந்தை நிலைக்குப் போய்விட்டாள். வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்து, 62 லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது நீதிமன்றத்தில் பதிவானதால்தான் அது நடந்தது.

"இப்படி எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தால் பொய் வழக்கு பெருகாதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேறெங்கோ விழுந்த காயத்தை விபத்து என்று சொல்பவர்கள், வண்டியை மாற்றிக் காட்டுபவர்கள், சான்றிதழ் விலைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களால்தான் உண்மையில் அடிபட்டவரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். ஆனால் பொய் வழக்குக்கு மருந்து உண்மையான பதிவுகள்தான். முதல் நாள் பதிவேடு சரியாக இருந்தால், சிகிச்சை பார்த்த டாக்டரே வந்து சொன்னால், செய்த தொழிலை ஊர் அறியச் சொன்னால், பொய்க்கு அங்கே இடம் குறைவு. வெறும் சதவீதத்தை வைத்து வழக்கு நடத்தினால்தான் சதவீதத்தை விலைக்கு வாங்குவது லாபமாக இருக்கிறது.

ஆகவே யாரிடம் என்ன கேட்கிறேன்?

மருத்துவர்களிடம்: ஊனச் சான்றிதழில் சதவீதத்துக்குக் கீழே இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். தரையில் உட்கார முடியுமா, படி ஏற முடியுமா, பத்துக் கிலோ தூக்க முடியுமா, எவ்வளவு நேரம் நிற்க முடியும்? உங்களுக்கு அது இரண்டு நிமிட வேலை.

வக்கீல்களிடம்: கட்சிக்காரரின் தொழிலை ஒரு தடவை நேரில் பாருங்கள். பூ கட்டுவது, சுண்ணாம்பு அடிப்பது, ஆட்டோ கியர் போடுவது, இவற்றுக்கு உடம்பில் எந்த இடம் வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்தால்தான் கூண்டில் சரியான கேள்வி கேட்க முடியும்.

மாவட்ட நிர்வாகத்திடம்: தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் எத்தனையோ உதவி மையங்கள் போடுகிறீர்கள். விபத்தில் அடிபட்டவருக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து, அவசரச் சிகிச்சைப் பிரிவு வாசலில் கொடுக்க ஒரு ஆளைப் போடுங்கள். பெரிய செலவில்லை.

நம்மிடம்: பக்கத்து வீட்டில் ஒருவர் அடிபட்டு வந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்க்கிறோம். அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக்கொண்டு போங்கள். அன்றன்றைக்கு என்ன செய்ய முடியவில்லை, யார் வந்து உதவினார்கள், எவ்வளவு செலவு என்று தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் அந்த வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதட்டும். எல்லா ரசீதுகளையும் அதிலேயே ஒட்டி வைக்கட்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை அது, யாரும் போடும் பிச்சை இல்லை. தொலைபேசி எண் 15100. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சட்ட விவரம் ஏதாவது விட்டுப்போயிருந்தால் வக்கீல் நண்பர்கள் கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும். மற்றவர்கள் உங்கள் ஊர் ஆட்டோ ஸ்டாண்டு, பூக்கடை, கட்டட வேலை நடக்கும் இடத்தில் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். பகிர்ந்தால் சந்தோஷம்.

சாலையில் கவனமாகப் போய் வாருங்கள்.